வெற்றிலைத் தட்டோடு சூளகிரிக்குப் போனேன்

என் ராசாவுக்கு,

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். அந்தக் கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. படித்து முடித்த பிறகும் அது வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள், நான் தடுக்கமாட்டேன். போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் "ஷிப்ட்டுக்கு நேரமாச்சும்மா" என்று வைத்துவிடுவாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை என்றாலும் எழுத உட்கார்ந்தால் யாரும் குறுக்கே பேசமுடியாது பார், அதற்காகவே எழுதுகிறேன். அதோடு, சந்தோஷம் நெஞ்சு வரைக்கும் நிற்கிறது. யாரிடமாவது கொட்டாவிட்டால் தூக்கம் வராது.

நேற்று நான் சூளகிரிக்குப் போனேன். சும்மா போகவில்லை. வெற்றிலை பாக்கு, பூ, பழம், தேங்காய், குங்குமம் எல்லாம் வைத்த தட்டோடு போனேன். ஜுனுவின் தம்பி, உன் மச்சான் பிஜோயை, நம் மைனாவின் காதுகுத்துக்குத் தாய்மாமனாக முறைப்படி அழைத்துவிட்டு வந்தேன். கூட யார் வந்தது தெரியுமா? உன் கோவிந்தன் சித்தப்பா. ஆமாம், அவனேதான். நீ முகத்தைச் சுளிப்பது மத்தூர் வரைக்கும் தெரிகிறது. பொறு, சொல்கிறேன்.

போன வாரம் நீ என்னிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் காதில் இருக்கிறது. "மத்தூர்ல எதுவும் வேணாம்மா. ஓசூர்லயே ஒரு டாக்டர்கிட்ட காதைக் குத்திட்டு வந்துடறோம். நானும் ஜுனுவும் குழந்தையும் போதும்." உன்மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் பேத்திக்கு, நாலு பல் முளைத்துவிட்டு நாற்பது பல் முளைத்தவள் மாதிரி சிரிக்கிற அந்தக் குட்டிக்கு, மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா என்று மனசு அடித்துக்கொண்டது.

நடந்ததை முதலில் நேராகப் பேசிவிடுவோம். உன் சித்தப்பன் இங்கே புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, ஹோமப் புகையில் மைனா கத்தினாள். பிஜோய்தான் தூக்கிக்கொண்டு தெருமுனை டீக்கடைப் பக்கம் போனான். பழைய துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளை அதில் சாய்த்து, அவர்கள் ஊர்ப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனான். நான் வாசலிலிருந்து பார்த்துச் சிரித்துவிட்டு, பந்திக்கு இலை போட உள்ளே போய்விட்டேன். அதற்குள் அங்கே கூட்டம் கூடிவிட்டது. "டேய், யாரு கொழந்தைடா இது?" என்று ஒருத்தன். "நேபாளிக்காரன்டா, புள்ளை புடிக்கிறவனுங்க இப்படித்தான் வர்றானுங்களாம்" என்று இன்னொருத்தன். போனில் யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அலைகிறவர்கள். பிஜோய் "என் பாப்பா, என் பாப்பா" என்றானாம். பயத்தில் அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் வந்திருக்கிறது. சட்டைப் பையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிட்டார்கள். மைனா அவன் கழுத்தை விடவே இல்லை. அதைக்கூட ஒருத்தரும் பார்க்கவில்லை. குழந்தையின் தொப்பியைக் கழற்றி இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே பேர் வைத்துவிட்டார்கள்.

அப்போதுதான் கோவிந்தன் ஓடினான். கூட்டத்தை விலக்கினான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் என்ன சொல்லி விலக்கினான்? "விடுங்கப்பா, நம்ம ஆளுதான். சூளகிரியில நம்ம ரூம்ல குடியிருக்கிறவன். வேலைக்கு வந்திருக்கான்." கூட்டம் கலைந்தது. நீயும் ஜுனுவும் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பையைக் கிழித்தவர்கள்மேல் உனக்கு வந்த கோபத்தைவிட இந்த ஒரு வார்த்தைமேல் வந்த கோபம்தான் பெரிது என்று நீ சொல்லாமலே தெரியும். வேலைக்காரன் என்று சொன்னால் விடுகிற ஊர், மாமன் என்று சொன்னால் நம்பாதா? அந்த ஒரு சொல் அவன் வாயில் வரவே இல்லையே.

அதைக் கேட்டுவிடவும், மாமனை அழைக்க என்னோடு தட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லவும்தான் நான் கோவிந்தன் வீட்டுக்குப் போனேன். புது வீட்டு வராந்தாவில் டைல்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, நான் என்னா தப்பு பண்ணேன்? நான் போவலைன்னா அடிச்சே போட்டிருப்பானுங்க."

"காப்பாத்தினப்பா, இல்லேங்கல. என்னான்னு சொல்லிக் காப்பாத்துன?"

"அந்நேரத்துக்கு வாய்ல எது வந்துச்சோ அது."

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் அது வந்துச்சு?"

அவன் துணியைப் பிழிந்தான். பிழிய வேண்டியதைவிட அதிகமாகவே பிழிந்தான். பிறகு பேச ஆரம்பித்தான். "அண்ணி, உங்களுக்கு இவனுங்களைப் பத்தித் தெரியாது. பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேரு படுத்துக்குவானுங்க. எதையெதையோ திம்பானுங்க. எல்லாம் ஒரே மூஞ்சி, எவன் எவன்னே தெரியாது. அதான் ஜுனுவுக்கு அண்ணனா நம்ம மணி இருக்கானே, கல்யாணத்துல அவன்தானே நின்னான், காதுகுத்துக்கும் மடியில வெச்சிக்கட்டும். பிரச்சனையே இல்ல."

மணியை நீ குறை சொல்லமாட்டாய், நானும் சொல்லமாட்டேன். உன் கல்யாணத்தின்போது அஸ்ஸாமிலிருந்து ஜுனுவின் வீட்டார் யாரும் வரமுடியவில்லை. பெண் வீட்டுக்கு ஆள் வேண்டுமே என்று என் அண்ணன் மகன் மணியை அண்ணன் முறையாக நிறுத்தினோம். அன்றைக்கு அது நல்ல காரியம். ஆனால் கூடப் பிறந்தவன் வேலை கிடைத்துச் சூளகிரிக்கே வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். அவன் இருக்கும்போதும் நாம் மணியையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லாத மாமனுக்குப் பதில் ஆள் வைக்கலாம். இருக்கிற மாமனுக்குப் பதில் ஆள் வைக்கிற வழக்கத்தை எந்தக் குலதெய்வம் கேட்டது?

"ஏப்பா கோவிந்தா, ஆறு பேரு ஒரு ரூம்லங்கறியே, அந்த ரூம் யாருது?"

"என்னுதுதான்."

"ஆறு பேரை உள்ள வுட்டது?"

"ரெண்டு பேருக்கு வுட்டா கட்டுப்படியாவுமா அண்ணி?"

"அப்புறம் ஏன் அவங்க அப்படித்தான் இருப்பாங்கன்னு சொல்ற? நீ அப்படி வெச்சிருக்கேன்னு சொல்லு."

ராசா, இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனது உனக்குக் கனவு மாதிரிதான் நினைவிருக்கும். அங்கே நம்மை 'கொங்கா' என்பார்கள். தமிழ்க்காரன் என்று அர்த்தம், ஆனால் அவர்கள் சொல்லும் விதத்தில் அது ஜாதகமே எழுதிவிடும். கொங்கன் திருடுவான், கொங்கன் அழுக்கு, கொங்கனுக்கு வெயில் உறைக்காது. மேஸ்திரி எங்களை எப்போதும் வெயில் பக்கம்தான் நிறுத்துவார். "இவுங்களுக்குத் தாங்கும்" என்பார். தாங்கும் என்று சொல்லிவிட்டால் நிழல் போட வேண்டியதில்லை, கூலியும் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வெயில் காலம் முழுக்க மொட்டை மாடியில் காங்கிரீட் போட்டு நாங்கள் கருத்துப்போனோம். பிறகு அந்த நிறத்தையே காட்டி, "பாரு, எப்படி இருக்கானுங்க" என்றார்கள். பேர் எங்கே பிறக்கிறது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. ஒருத்தனுக்கு அதில் லாபம் இருக்கும், இன்னொருத்தனுக்குப் பயம் இருக்கும், மற்ற நூறு பேர் யோசிக்காமல் திரும்பச் சொல்வார்கள். எல்லாரும் அப்படி இல்லை, அதையும் சொல்லவேண்டும். உன் தங்கை பிறந்தபோது அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டினது பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாதான். ஆனால் பஸ்ஸில் நீ "அம்மா, பசிக்குது" என்று சத்தமாகச் சொன்னால் நான் உன் வாயைப் பொத்துவேன். தமிழ் கேட்டால் நாலு பேர் திரும்புவார்களே. பேர் வைக்கிறவன் அதோடு மறந்துவிடுவான். வைக்கப்பட்டவனுக்குச் சொந்தப் பேச்சே தொண்டைக்குள் சுருங்கிவிடும்.

ஜுனு தன் அம்மாவோடு போனில் பேச மாடிப் படிக்கட்டுக்குப் போவதை நீ கவனித்திருக்கிறாயா? மெதுவாகத்தான் பேசுவாள். நான் ஒருநாள் "இங்கயே பேசேன் கண்ணு" என்றேன். "பக்கத்துல இருக்கறவங்க பாக்கறாங்கம்மா" என்றாள். எனக்கு அந்தப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

இதையெல்லாம் கோவிந்தனிடம் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஏனென்றால் உன் அப்பாவோடும் என்னோடும் அவனும் அங்கே இருந்தான். ஒரு பெரிய வீட்டில் பித்தளைக் குழாய் காணோம் என்று, வேலை செய்த ஒன்பது பேரில் தமிழ் பேசியது இவன் ஒருத்தன் என்பதற்காக, இவனைத்தான் கேட்டில் கட்டி வைத்தார்கள். பிறகு குழாய் கிடைத்தது. யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அன்னிக்கு உன்னை அவிழ்த்துவுட வந்த எங்க மேஸ்திரி என்னா சொன்னாரு, ஞாபகம் இருக்குதா?" என்றேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "நம்ம ஆளுதான், வுட்டுருங்கன்னாரு."

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

துடைக்கிற துணியைப் பக்கெட்டில் போட்டான். பிறகு, "தட்டு எப்ப எடுத்துக்கிட்டுப் போவணும்?" என்றான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, ராசா!

ஆனால் அவன் கோவிந்தன் அல்லவா? கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் ஏறியதும் ஆரம்பித்துவிட்டான். "என் ரூமுக்குக் குடிவந்தவனுக்கு நானே தட்டு தூக்கிட்டுப் போறேன். ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க அண்ணி."

"சிரிக்கட்டும். அவங்க பல்லுக்கும் காத்து வேணும்."

பக்கத்து சீட்டில் இருந்த பொம்பளை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவன் சூளகிரி வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

வரிசையாக ரூம் போட்டு வாடகைக்கு விட்ட அந்த லைன் வீட்டில், இத்தனை வருஷத்தில் கோவிந்தன் கேட்டுக்கு உள்ளே போனதே இல்லையாம். கேட்டில் நின்று ஹாரன் அடிப்பான், வாடகை வெளியே வரும். நேற்று அவன் உள்ளே நுழைந்ததும், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் பதறி எழுந்தார்கள். ஒருத்தன் லுங்கியை இறுக்கிக்கொண்டே, "சார், அடுத்த மாசம் காலி பண்றோம் சார், இப்ப வேண்டாம் சார்" என்றான். என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்ததும் பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான். கோவிந்தன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்கவேண்டும். தட்டைப் பிடித்துக்கொண்டு, "இல்லப்பா, இல்லப்பா, உக்காருங்க" என்று அவன்தான் பதறினான்.

பிஜோய் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். "அம்மா, உக்காருங்க" என்று ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் தலையணை வைத்தான். பால் இல்லாத டீ போட்டான். வாயில் வைத்தால் மணக்கிறது, ஜுனு போடுகிற அதே டீ. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தான். சிவப்புக் கரையும் பூவும் நெய்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தான். நாம் மாலை போடுவது மாதிரி அவர்கள் வீட்டுக்கு வருகிற பெரியவர்களுக்கு அதைப் போடுவார்களாம். எனக்குப் போடுவான் என்று நான் கழுத்தைக்கூட நீட்டிவிட்டேன்! அவன் நேராகப் போய் உன் சித்தப்பன் கழுத்தில் போட்டுக் காலைத் தொட்டான். "முதல் தடவை ரூமுக்கு உள்ள வந்திருக்கீங்க" என்றான். கிண்டலே இல்லாமல் சொன்னான். அதனால்தான் அப்படிக் குத்தியது போல. கோவிந்தன் துண்டின் கரையைத் தடவிக்கொண்டே நின்றான்.

தட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். மைனாவை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், முடி எடுக்கவேண்டும், காது குத்தும்போது அவள் அழுதால் பிடித்துக்கொள்ள வேண்டும், அது மாமனுக்கு மட்டும்தான் உரிமை என்றேன். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எங்க ஊர்லயும் மாமாதான்மா" என்றான். "முதல் சோறு மாமா மடியில வெச்சு ஊட்டணும். மைனாவுக்கு நான் ஊட்டலை." ஓசூர்க் கோயிலில் நாம் அவளுக்குச் சோறு ஊட்டிய அன்று அவன் வந்து ஓரமாக நின்றுவிட்டு ஷிப்ட்டுக்குப் போனானே, அன்றைக்குத்தான். "சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன். "வெக்கமா இருந்துச்சும்மா. உங்களுக்கெல்லாம் அப்படி ஒண்ணு இருக்கான்னு சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

எவ்வளவு தூரத்தில் இருக்கிறது அவர்கள் ஊர்! மூன்று ராத்திரி ரயிலில் கிடக்கவேண்டும் என்பாள் ஜுனு. அங்கேயும் மாமன் மடியாம்! உனக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதையெதையோ தின்கிறவர்கள், ஒரே முகம் உள்ளவர்கள் என்று பேசிக்கொண்டே இருந்தோமே, அவர்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு நல்லது நடந்தால் யாரைத் தேடுவார்கள் என்று நாம் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

ஆனால் பிஜோய் உடனே தட்டை வாங்கவில்லை. "மத்தூர் வரணும்னா பயமா இருக்கும்மா" என்றான். பொய் சொல்லவில்லை, முழங்காலைக் கட்டிக்கொண்டான். "அந்த டீக்கடை ஆளுங்க இருப்பாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது." பிறகு கோவிந்தனை நேராகப் பார்த்துக் கேட்டான்: "நீங்க சொல்வீங்களா?"

ரூமில் ஐந்து பையன்களும் நிற்கிறார்கள். கோவிந்தனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, பிறந்ததிலிருந்தே தெரியாது. அவன் தொண்டையைச் செருமினான். "பஸ் ஸ்டாண்டுக்கு நானே வரேன். அந்த டீக்கடை வழியாவே நடந்து போவோம். எங்க பேத்திக்குத் தாய்மாமன் வந்திருக்காருன்னு சொல்லி, அங்க இருக்கிறவனுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுப்பேன். எவன் சட்டையைக் கிழிச்சானோ அவன் கையில முதல் டம்ளரு." கொஞ்சம் நிறுத்தி, "போதுமா?" என்றான்.

பிஜோய் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. "மாமன்னா சும்மா வரக்கூடாதுப்பா, சீர்த்தட்டு தூக்கிட்டு வரணும்" என்று கோவிந்தன் சட்டம் பேச ஆரம்பித்துவிட்டான். "தட்டு தூக்க ஆள் வேணுமே" என்றதும், அந்தப் பையன்கள் ஐந்து பேரும் நான் நான் என்றார்கள். ஒருத்தன் பீகாராம், ஒருத்தன் ஒடிசாவாம், மற்றவர்கள் பிஜோய் ஊர்ப் பக்கம். எவன் எவன் என்றே தெரியாது என்றவன், ஒவ்வொருத்தன் பேராகக் கேட்டு, யாருக்கு எந்தத் தட்டு என்று பிரித்துக்கொண்டிருந்தான். பழத்தட்டு பெரிது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

உன் சித்தப்பன் ஒரே நாளில் மாறிவிட்டான் என்று நான் உன்னை ஏமாற்றமாட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், "ரூமை நல்லா சுத்தமாத்தான் வெச்சிருக்கானுங்க, ஆச்சரியமா இருக்குது" என்றான். "உன் ரூம்தானேப்பா, உனக்கே தெரியலையா?" என்றேன். கழுத்துத் துண்டை மட்டும் வீடு வரைக்கும் எடுக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் இவ்வளவு நடக்கவே எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிப் பார்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். மைனா வளருவாள். பள்ளிக்கூடத்தில் அவள் கண்ணைப் பற்றி ஒருத்தன் சொல்வான், மூக்கைப் பற்றி ஒருத்தி சொல்வாள். அவள் தமிழில் பதில் சொன்னதும், "அட, நல்லாத் தமிழ் பேசுதே" என்று மெச்சுகிறவர்களும் வருவார்கள், அது இன்னும் மோசம். நீ சண்டைக்குப் போ, நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவளையும் ஜுனுவையும் நம் சனங்களிடமிருந்து ஒளித்து வைக்காதே. பார்க்காத முகத்தைப் பற்றித்தான் ஊர் இஷ்டத்துக்குப் பேசும். மடியில் தூக்கி வைத்து, கன்னத்தில் எச்சில் வாங்கி, "இந்தக் குட்டி நம்முளுது" என்று சொன்ன வாய் அவ்வளவு சுலபமாக மாற்றிப் பேசாது. உன் கோபம் நியாயமானது. அதை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடாதே, உள்ளே கொண்டு வா. உள்ளே அதற்கு வேலை நிறைய இருக்கிறது.

இதை நீ மட்டும் படித்து முடிவு செய்யாதே. ஜுனுவிடம் படித்துக் காட்டு. அன்றைக்கு கேட்டில் நின்று அந்த வார்த்தையைக் கேட்டது அவள். அவள் தம்பியின் சட்டைதான் கிழிந்தது. அவள் மத்தூருக்கு வருகிறேன் என்றால், கோயிலில் பந்தல் போடச் சொல்லிவிடுகிறேன். என் மனசு இன்னும் ஆறவில்லை என்று அவள் சொன்னால், அதுவும் சரி, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீங்கள் ஓசூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோவிந்தனும், பிஜோயும், தட்டு தூக்குகிற பையன்களும், நானும் அங்கே வந்துவிடுகிறோம். எந்த ஊர் என்பதை ஜுனு சொல்லட்டும். யார் மடி என்பது முடிவாகிவிட்டது.

உன் அம்மா